பின்சீட்டிலிருந்து ஒரு புகார்

1

சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத எனக்கு, கார் ஓட்டிக்கொண்டே கைப்பேசியில் பேசிய குற்றத்துக்காக அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்து போன வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து கேட்கிறவர்களிடமெல்லாம் அது பெரிய கதை, நேரில் வரும்போது சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டு வந்தேன். அந்தக் கதையில் நான் நல்லவனாக வரவில்லை என்பதுதான் காரணம். ஒரு வருடம் ஆகிவிட்டது, இனிச் சொல்லலாம். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். "எழுது தம்பி, ஆனா என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுது" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

அவர் பெயர் இந்திராணி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒல்லியானவர்.

எனக்கு மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய ஹோட்டலில் வேலை. அறைகளின் ஏசி இயந்திரங்களைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. அதே ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அக்கா மேற்பார்வையாளர். ஹோட்டல் தீவில் இருக்கிறது. எங்கள் இருவரின் வீடுகளும் கடலுக்கு இந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட்டில். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, "நீ அந்த ஏர்கோன் தம்பிதானே? காடில ஏறு லா" என்றார் ஒரு அம்மா.

இங்கே தமிழர்கள் பேச்சில் வாக்கியத்துக்கு ஒரு 'லா' வால் உண்டு, காருக்குக் காடி என்று பெயர். எங்கள் சங்கரன்கோவில் பக்கம் காடி என்றால் புளித்த கஞ்சித் தண்ணீர். கஞ்சித் தண்ணீரில் எப்படி ஏறுவது என்று ஒரு கணம் விழித்துவிட்டு ஏறினேன். ஏழு வருடமாக இறங்கவில்லை. பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தால் வாங்க மாட்டார். "எப்படியும் போறேன், நீ வந்தா காடி அழுவுமா?" என்பார்.

2

காலை ஏழே காலுக்கு அக்காவின் போன் அடிக்கும். அடிப்பது அவருடைய ஒரே மகள் ஷாமினி. கணவர் போன பிறகு அக்காவுக்கு இருப்பது அந்தப் பெண் மட்டும்தான். அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடக்கிற பன்னிரண்டு நிமிடம்தான் அவள் அம்மாவுக்கு ஒதுக்கியிருக்கும் நேரம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் எங்கள் கார் பினாங்குப் பாலத்தின் மேல் இருக்கும்.

"பசியாறிட்டியா? என்னா சாப்ட்ட? ரெண்டு பிஸ்கட்டா? அது பசியாறலா? குருவிக்குப் போடுறது லா அது."

இடது கை போனைப் பிடித்திருக்கும். வலது கை ஸ்டியரிங்கில். மகள் ஏதாவது எதிர்த்துப் பேசிவிட்டால் வலது கையும் விவாதத்தில் கலந்துகொள்ளும். அப்போது காரை யார் ஓட்டுகிறார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

முன்சீட்டில் குணா இருப்பான். ஹோட்டல் சமையலறையில் ரொட்டி சுடுகிறவன். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும் தூங்கிவிடுவான், ஹோட்டல் வாசலில் எழுந்துகொள்வான். இந்தக் காரில் எப்படித் தூக்கம் வருகிறது என்று ஒரு முறை கேட்டேன். "முழிச்சிருந்தா பயமா இருக்கு அண்ணே" என்றான்.

போனைக் கையில் பிடிக்காமல் பேச வழி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நானே ஒரு தாங்கி வாங்கி வந்து காரில் மாட்டிக் கொடுத்தேன். முதல் நாள் ஒலிபெருக்கியில் ஷாமினியின் குரல் வந்தது. எனக்கு இருமலும் வந்தது. "மம்மி, ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா? யாரோ இருமுறாங்க. அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். அன்று முழுவதும் அக்கா என்னிடம் பேசவில்லை. மறுநாள் தாங்கியில் வெற்றிலைப்பாக்குப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. போன் பழையபடி காதுக்குப் போய்விட்டது.

நான் செய்ததெல்லாம், "அக்கா, பாத்து" என்று சொல்வதுதான். ஒரு நாளைக்கு மூன்று முறையாவது சொல்வேன். அவர் தலையை ஆட்டுவார்.

பிறகு ஒரு மழைக்காலைப் பொழுது. ஷாமினி அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, அக்கா கண்ணை மூடிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். முன்னால் போன ஒரு லாரியின் சிவப்பு விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. நான் கத்தினேனா என்று நினைவில்லை. கார் வழுக்கிக்கொண்டு போய் லாரிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இடது பக்கமாக ஒரு மோட்டார் சைக்கிள்காரன் எங்கள் கண்ணாடியை உரசிக்கொண்டு தப்பித்துப் போனான். மழைக்கோட்டுக்குள் அவன் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். என் மடியில் இருந்த சாப்பாட்டுப் பாத்திரம் பறந்து போய்க் குணாவின் கழுத்தில் சாம்பாரைக் கொட்டியது. அவன் எழுந்து, "வந்தாச்சா?" என்றான்.

அக்கா போனில், "ஒண்ணும் இல்லம்மா, இங்க ஒரு லோரி. நீ சொல்லு" என்றார்.

அன்று ஹோட்டலில் ஏணியை விரித்து வைத்துவிட்டு, ஏறாமல் அதன் கீழேயே உட்கார்ந்திருந்தேன். பதினொரு வயதில் எனக்கு ஒரு மகன் இருக்கிறான். அந்த மோட்டார் சைக்கிள்காரனுக்கும் யாராவது இருப்பார்கள்.

3

நேரில் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஏழு வருடம் ஓசிச் சீட்டில் உட்கார்ந்தவனுக்கு அந்த வாய் அவ்வளவு எளிதில் வராது. அதோடு, வண்டி ஓட்டுகிறவரிடம் ஒன்றும் பேசக்கூடாது என்பதை நான் சின்ன வயதில் படித்தே வளர்ந்தவன். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் ஓட்டுநர் தலைக்கு மேலே 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று எழுதியிருக்கும். அந்தப் பலகைக்கு நேர் கீழே, இஞ்சின் பெட்டியின் மேல் மூன்று பேர் உட்கார்ந்து ஓட்டுநரோடு பேசிக்கொண்டு வருவார்கள். நெல் விலை, மருமகள், மாட்டாஸ்பத்திரி என்று எல்லாம் அங்கே ஓடும். ஒரு நாள் ஒரு புது நடத்துநர் அந்தப் பலகையைக் காட்டி அவர்களை எழுப்பிவிட்டார். பேச ஆளில்லாத ஓட்டுநர் இரண்டு நிறுத்தங்களைக் கவனிக்காமல் கடந்து போனார். அடுத்த நாள் மூன்று பேரையும் மறுபடி பெட்டியின் மேல் ஏற்றிவிட்டார்கள்.

மலேசியாவில் அப்படி இல்லை, சட்டம் கறார் என்று நினைத்துத்தான் வந்தேன். சட்டம் கறார்தான். கையில் போனோடு பிடிபட்டால் சம்மன், அதாவது அபராதச் சீட்டு, உறுதி. பெருநாள் காலங்களில் போலீசார் சாலைகளில் நின்று ஒவ்வொரு காருக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் இந்த நாட்டைப் போல ஒழுங்கான நாடு உலகத்தில் இருக்காது. ஆனால் போலீசார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று சொல்வதற்கு ஒரு வாட்சப் குழு இருக்கிறது. அக்கா அதில் உறுப்பினர். 'பாலம் இறங்கினதும் போலிஸ், போன் பிடிக்கிறான்' என்ற எச்சரிக்கையை அக்கா கார் ஓட்டிக்கொண்டே போனில் படிப்பார். படித்துவிட்டு போனை மடியில் போட்டுக்கொள்வார். போலீஸ்காரருக்குப் புன்னகையோடு காலை வணக்கம் சொல்வார். நூறு அடி தாண்டியதும், "ஆங், சொல்லும்மா" என்பார்.

எதிரில் நின்று பிடிக்கிற சட்டத்தால் முடியாததைப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். லாரி விஷயம் நடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. சாலைக் குற்றங்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் படத்தோடு புகார் அனுப்பலாம் என்று ஹோட்டலில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். ஒரே ஒரு சம்மன் வரட்டும், அக்கா பயந்துவிடுவார், நானும் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

பாலத்தின் மேல், ஏழு பதினெட்டுக்கு, பின்சீட்டிலிருந்து ஒரு படம் எடுத்தேன். அக்காவின் முகம் தெரியவில்லை. காதில் போன், கையில் நெளி வளையல், முன்னால் சாலை. போதும் என்று நினைத்தேன்.

4

இணையத்தில் இருந்த புகார்ப் படிவம் முழுக்க மலாய். பதினொரு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். ஏசி, சாப்பாடு, வழி கேட்பது, மன்னிப்புக் கேட்பது ஆகிய நான்கு துறைகளில் என் மலாய் நன்றாகவே இருக்கும். படிவம் ஐந்தாவது துறை.

மகன் அகிலனைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் படித்துச் சொல்லியிருப்பான். அவனுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. தமிழில்தான் 'அப்பா, நீங்க வருது எப்போ?' என்று கேட்பான். ஆனால் அவன் அக்காவின் செல்லப்பிள்ளை. அவனிடம் இதை எப்படிக் காட்டுவது? நானே நிரப்பினேன்.

இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் 'பெங்காடு' என்று இருந்தது, இன்னொன்றில் 'பெமாண்டு'. உட்கார்ந்து யோசித்தேன். பெங்காடு என்பதில் காடி இருக்கிறது, ஆகவே அது காருக்குச் சொந்தக்காரர். அக்காவின் பெயரை எழுதினேன். பெமாண்டு என்பது டிமாண்டு மாதிரி இருக்கிறது. நடவடிக்கை எடுக்கச் சொல்லி டிமாண்டு செய்கிறவர், அதாவது நான். என் பெயரையும் முகவரியையும் எழுதினேன். படத்தை இணைத்தேன். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

பெங்காடு என்றால் புகார் கொடுப்பவர். பெமாண்டு என்றால் ஓட்டுநர்.

5

கடிதம் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. மாலையில் உள்ளே நுழைந்தபோது என் மனைவி கலா கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அகிலன் கையில் கடிதம்.

"அப்பா, நீங்க கார் ஓட்டிட்டு போன் பேசினீங்களாம். இந்திராணி ஆண்ட்டி கம்ப்ளேன் குடுத்திருக்காங்க."

"அந்தம்மாவுக்கு நம்ம என்ன குறை வச்சோம்?" என்றாள் கலா. "போன வெள்ளிக்கிழமைகூட கொழுக்கட்டை குடுத்தனுப்பினேன். டப்பாவே இன்னும் திரும்பி வரல."

"கலா, எனக்குக் காரே கிடையாது."

"அதான் கேக்குறேன். கார் இல்லாத மனுஷன் மேல எதுக்குப் புகார் குடுக்கணும்?"

நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவள் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள். ஒரு நிமிடம் சூடாகப் பேசினாள். பிறகு குரல் இறங்கியது. பிறகு, "அப்படியாக்கா? யாராயிருக்கும்?" என்றாள். போனை என்னிடம் நீட்டினாள்.

"தம்பி, நான் ஏன் லா ஒன்மேல கம்ப்ளேன் குடுக்கப் போறேன்?" என்றது அக்காவின் குரல். "எவனோ என் பேர்ல வெளையாடியிருக்கான். விடக் கூடாது. வெள்ளிக்கிழமை லீவு போடு, நேரா ஆபிசுக்கே போவோம். ஒன் மலாய வச்சிக்கிட்டுத் தனியா போனீன்னா உள்ள வச்சிருவாங்க. நான் பேசுறேன்."

அந்த இடத்திலேயே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "சரிக்கா" என்றேன்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. மூன்று நாளும் காலையில் காரில் அதே பேச்சு. தன் பேரைக் கெடுத்தவன் யார் என்று அக்கா ஹோட்டலில் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தார். சலவைப் பிரிவில் ஒருத்தன் மேல் சந்தேகம் வலுத்தபோது எனக்கு வேர்த்தது. குணா ஒரு கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். மறுபடி மூடிக்கொண்டான்.

6

தீவில், கடிதம் அனுப்பிய அலுவலகத்தில் எங்கள் எண் வர ஒரு மணி நேரம் ஆனது. கவுண்டருக்குப் பின்னால் முக்காடு அணிந்த ஓர் இளம் பெண் அதிகாரி. மரியாதையான குரல். அக்கா கடிதத்தை மேசையில் வைத்துப் பாதி கோபமும் பாதி சிரிப்புமாக மலாயில் பேசினார். இவருக்குக் காரே இல்லை, எனக்கு இவர் மேல் கோபமும் இல்லை, யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று சொன்னார் என்பது எனக்கே புரிந்தது. அதிகாரி கணினியில் எதையோ தேடினார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

படம் திரை முழுவதும் நிறைந்திருந்தது. என் போனில் பார்த்தபோது இவ்வளவு பெரிதாக இல்லை. நெளி வளையல் போட்ட கை. காதில் போன். முன்சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்கும் குணாவின் பாதி முகம். படத்தின் கீழ் மூலையில், எடுத்தவனின் மடியில், ஒரு மஞ்சள் பை. அதில் சிவப்பு எழுத்தில் ஒரு ஜவுளிக்கடையின் பெயரும் அதன் கீழே 'சங்கரன்கோவில்' என்ற ஊர்ப் பெயரும்.

பினாங்கு மாநிலத்தில் அந்தப் பை வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அப்போதும் அது என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா படத்தைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அதிகாரி என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. அக்கா எனக்காகப் பதில் சொன்னார். ஓட்டியது நான்தான் என்று தன் நெஞ்சில் விரலை வைத்தார். பிறகு என்னைக் காட்டி, இவர் என் தம்பி, மலாய் சரியாக வராது, பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்றார்.

அதிகாரி என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். "தம்பியே அக்கா மேல் புகார் கொடுத்தாரா?" என்று கேட்டார். இந்த மலாய் எனக்கு நன்றாகவே புரிந்தது.

"ஆமாம்" என்றார் அக்கா.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டச்சு செய்தார். சம்மன் அக்காவின் பெயருக்கு மாறியது. அக்கா அங்கேயே அபராதத்தைக் கட்டி, ரசீதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

7

திரும்பும் வழியில் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளும் இருந்தன. ஏழு வருடத்தில் நான் அந்தக் காட்சியைப் பார்த்ததில்லை. பார்க்கும்போது சந்தோஷமாக இல்லை.

பாதி பாலத்தில் அக்கா பேசினார். "என்கிட்ட சொல்லியிருக்கலாம் தம்பி."

"சொன்னேன்க்கா. தினம் 'பாத்து, பாத்து'ன்னு சொல்வேனே."

"நான் ரோட்டுல குழி இருக்குன்னு நெனச்சேன்."

லாரியின் பின்விளக்குகளையும், மழைக்கோட்டுக்குள் வெளுத்திருந்த அந்த முகத்தையும் சொன்னேன். அன்று ஏணியில் ஏற முடியாததைச் சொன்னேன். அகிலனைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார். என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, "திங்கக்கிழமை எப்பவும் போல ஆறே முக்காலுக்கு நில்லு" என்றார். "கொழுக்கட்டை டப்பா பின்னால இருக்கு, எடுத்துக்க."

திங்கட்கிழமை வந்தார். ஏழே காலுக்கு போன் அடிக்கவில்லை. செவ்வாயும் அடிக்கவில்லை. புதன்கிழமை குணாதான் கேட்டான். தூங்கவில்லை போலிருக்கிறது. "பாப்பா கூப்பிடல?"

"கூப்பிட மாட்டா" என்றார் அக்கா.

சம்மன் கதையை அவர் மகளிடம் வேடிக்கையாகத்தான் சொல்லியிருக்கிறார். இந்தத் தம்பி என்ன காரியம் பண்ணியிருக்கு பார் என்று. ஷாமினி சிரிக்கவில்லை. ஹோட்டல் வேனில் போகிறேன் என்றுதான் அக்கா அவளிடம் இத்தனை வருடமும் சொல்லி வைத்திருந்தார். ஓட்டிக்கொண்டு பேசுகிறார் என்பது தெரிந்தால் அவள் கூப்பிட மாட்டாள் என்ற பயம். வேறு நேரத்தில் கூப்பிடச் சொன்னால், வேறு நேரம் அவளிடம் இல்லை.

"'நான் பேசிப் பேசியே ஒங்கள சாவடிச்சிருப்பேனே மம்மி'ன்னு அழுவுறா" என்றார் அக்கா. "இனிமே காலையில கூப்பிட மாட்டேன்னுட்டா. சாயங்காலம் மெசேஜ் அனுப்புறா. சாப்பிட்டேன். தூங்கப் போறேன். அவ்வளவுதான்."

சட்டம் வேலை செய்ததா என்று கேட்டால், அதற்கு அடுத்த மூன்று வாரங்களை நினைத்துக்கொள்வேன். கையில் போன் இல்லை. யார் எட்டிப் பார்த்தாலும் அக்கா போல ஒழுங்கான ஓட்டுநர் கிடையாது. ஆனால் போன் வெற்றிலைப்பாக்கை இறக்கிவிட்டுத் தாங்கியில் ஏறியிருந்தது. ஏழு மணி தாண்டியதும் அக்காவின் கண் அதை விட்டு நகராது. பேசிய காலத்தில் ஒரு கைதான் சாலையில் இல்லாமல் இருந்தது. இப்போது ஆளே சாலையில் இல்லை. இரண்டு முறை நான் "அக்கா" என்று கத்த வேண்டியிருந்தது. கண் எங்கே இருக்கிறது என்பதற்குச் சம்மன் கொடுக்க எந்த நாட்டிலும் வழியில்லை.

ஒரு தாயும் மகளும் பேசிக்கொள்கிற பன்னிரண்டு நிமிடத்தை நான் அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டு நிறுத்திவிட்டேன். செய்தது சரிதான் என்று கலா சொன்னாள். எனக்கும் அது தெரியும். ஆனாலும் ஏழே கால் ஆனதும் நானும் அக்காவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

8

வழி சொன்னது குணா. நான்காவது வாரம் ஒரு காலையில், கண்ணை மூடியபடியே சொன்னான்.

"அக்கா, நாளையிலிருந்து இருபது நிமிசம் முன்னாடி கெளம்பலாம். பாலம் எறங்கினதும் எண்ணெய்க் கடை இருக்குல்ல, அங்க நிப்பாட்டிப் பேசுங்க. எனக்கு எங்க தூங்கினாலும் ஒண்ணுதான்."

இங்கே பெட்ரோல் பங்குக்கு எண்ணெய்க் கடை என்பார்கள். மூன்று பேர் ஏழு வருடமாக அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தோம். புகார், படம், கடிதம், கவுண்டர், சம்மன் எல்லாவற்றையும் தாண்டி வந்த பிறகு, எப்போதும் தூங்குகிறவனுக்குத்தான் அது தோன்றியது.

மறுநாள் ஆறு இருபத்தைந்துக்குக் கிளம்பினோம். அந்த நேரத்துக்குள் சாப்பாடு கட்ட கலா எழுந்த விதத்தைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. எண்ணெய்க் கடையின் ஓரமாக, காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அக்கா காரை நிறுத்தினார். ஏழே காலுக்கு அவரே மகளைக் கூப்பிட்டார். நானும் குணாவும் இறங்கி, கதவைச் சாத்திவிட்டுத் தள்ளி நின்றோம்.

ஒரு நிமிடத்தில் கண்ணாடி இறங்கியது. "தம்பி, இங்க வா. நம்ப மாட்டேங்குறா."

போனை வாங்கினேன்.

"அங்கிள், நெஜமா நிப்பாட்டியிருக்காங்களா?" என்றது ஒரு மெல்லிய குரல். தாங்கி மாட்டிய அந்த ஒரு நாளைத் தவிர, ஏழு வருடமாக அந்தப் பேச்சின் மறுபாதியை மட்டுமே கேட்டிருந்தேன்.

"நிப்பாட்டியாச்சும்மா. சாவி குணா கையில இருக்கு."

"நீங்கதானே கம்ப்ளேன் பண்ணது?"

"ஆமாம்மா."

அந்தப் பக்கம் வண்டிகளின் சத்தமும் அவளுடைய செருப்புச் சத்தமும் கேட்டன. "பேர மாத்தி எழுதிட்டீங்களாமே" என்றாள். "அடுத்த தடவை எனக்கு அனுப்புங்க, நான் ஃபில் பண்ணித் தரேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நன்றாகச் சிரிக்கிற பெண். அக்கா அன்றைக்குக் கண்ணை மூடியது ஏன் என்று புரிந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஆங், சொல்லும்மா. பசியாறிட்டியா?"

மூடிய கண்ணாடிக்குள் அக்காவின் இரண்டு கைகளும் பேசிக்கொண்டிருந்தன. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கியிருந்தார். குணா ஒரு கான்கிரீட் திண்டில் உட்கார்ந்து தூங்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் எவ்வளவு பேசுவான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தினமும் இது சரியாக நடப்பதில்லை. மழை நாட்களில் நேரமாகிவிடும். அப்போது போன் அடித்து ஓயும், அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். சில நாள் ஷாமினிக்குப் பேச ஒன்றும் இருக்காது, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு முறை அக்காவின் கை தானாகப் போனை எடுத்துக் காதுக்குக் கொண்டுபோய்விட்டது. "நிப்பாட்டிட்டீங்களா?" என்று மகள் கேட்டதும் பதறிப்போய் வைத்துவிட்டார்.

9

இதை எழுத உட்கார்ந்த அன்று மாலை ஊரில் இருக்கும் என் தம்பி கணேசனைக் கூப்பிட்டேன். அவன் உரக்கடை வைத்திருக்கிறான். நான்கைந்து முறை மணி அடித்ததும் எடுத்தான். காதைப் பிய்க்கும் காற்று, பக்கத்தில் ஒரு பஸ்ஸின் ஹாரன்.

"சொல்லுண்ணே."

"எங்கடா இருக்க?"

"வண்டியில வந்துகிட்டிருக்கேன். ராஜபாளையம் ரோடு. ஹெல்மெட்டுக்குள்ள போனைச் சொருகியிருக்கேன், நல்லாக் கேக்குது. சொல்லு."

நான் எப்போது கூப்பிட்டாலும் அவன் வண்டியில்தான் இருப்பான். இதே காற்றுக்குள்ளேதான் அப்பாவின் கண் ஆபரேஷனைப் பற்றிப் பேசினோம். இதே காற்றுக்குள்ளேதான் அவன் மகளின் கல்லூரியைப் பற்றியும் பேசினோம். எனக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. இத்தனை வருடமும் அவன் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தவன் நான்தான்.

"ஓரமா நிறுத்திட்டுக் கூப்பிடு" என்றேன்.

"பரவால்ல, சொல்லுண்ணே."

"நிறுத்திட்டுக் கூப்பிடுடா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கலா என்னைப் பார்த்தாள். "கோவிச்சுக்கப் போறார். வெளிநாட்டுல இருந்துகிட்டு மெரட்டுறான்னு நெனப்பார்."

போனை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. எடுத்து நானே கூப்பிடலாமா என்று கை போனது. கூப்பிட்டால் மறுபடி ஓட்டிக்கொண்டே எடுப்பான். கையை இழுத்துக்கொண்டேன். அகிலன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சித்தப்பாக்கு எதும் ஆயிடுச்சா?" என்று கேட்டான். அவன் கேட்ட பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

போன் அடித்தது. காற்று இல்லை. எங்கேயோ ஓர் ஆடு கத்துவது கேட்டது.

"நிக்க எடமே இல்லண்ணே, ஒரு டீக்கடை வர வரைக்கும் வந்தேன்" என்றான். "என்ன, எதும் அவசரமா? பயமுறுத்துற."

"அவசரம்லாம் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

திட்டப் போகிறான் என்று நினைத்தேன். பெஞ்சு ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"சரி" என்றான். "ஒரு டீ சொல்லிட்டேன். உக்காந்துட்டேன். சொல்லு."